கயிற்றுக்கு வெளியே நிற்கவும்

மலைநாட்டில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். பெருகிவரும் ஓர் இனத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கண்டியைச் சுற்றி எந்த முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடக்கிறது என்று விசாரித்து, ஒரு சனிக்கிழமை காலை அந்த மைதானத்துப் பக்கம் போய் நின்றால் போதும். கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் போன், தோளில் முயல் படம் போட்ட சின்னப் பை, கண் முடிவுக் கோட்டில், கால் கயிற்றுக்கு மேலே. இந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் இன்னும் பெயர் வைக்கவில்லை. நாமே வைத்துவிடுவோம்: கயிறுதாண்டி.

சாதாரண நாட்களில் கயிறுதாண்டியை அடையாளம் காண்பது கஷ்டம். ஒழுங்காக வேலைக்குப் போகும், பஸ்ஸில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கும், வங்கியில் வரிசை குலையாமல் நிற்கும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூடப் பொறுத்துப் போகும். பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்த மூன்றாம் நாள்தான் முதல் அறிகுறி தென்படும். “பிள்ளைக்கு நாளைக்கு நிறந்தீட்டுற வேலை இருக்கு” என்று சொல்ல வேண்டிய வாய், “எங்களுக்கு நாளைக்கு நிறந்தீட்டுற வேலை இருக்கு” என்று சொல்லும். அதற்கப்புறம் மருந்து இல்லை. எங்களுக்கு அ, ஆ முடிந்துவிட்டது, எங்களுக்கு இந்த வருடம் விளையாட்டில் தாமரை இல்லம், நாங்கள் பாட்டில் இரண்டாவது வரிசை. யாரப்பா அந்த ‘நாங்கள்’? ஒன்று மூன்றடி உயரம். மற்றது மீசை வைத்தது.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து வைத்துப் பார்ப்போம். கட்டுகஸ்தோட்டையில் மாடி வீட்டில் குடியிருக்கும் நிரஞ்சன். பல்லேகல கைத்தொழில் பேட்டையில் கையுறை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தர மேற்பார்வையாளர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கையுறைகளில் எந்த விரலில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. மனைவி நிஷாந்தினி, மருந்துக் கடை ஒன்றில் வேலை செய்கிறவர், வீட்டில் நிதானம் என்று ஏதாவது இருந்தால் அது அவருடையது. மகள் தனுஷிகா. வயது நான்கு முடிந்து சில மாதம்.

நிரஞ்சன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் உங்களுக்கு மறந்துவிடும்.

பூசணிக்காய்க்கு நிறந்தீட்டி வரச் சொல்லித் தனுஷிகாவின் கொப்பியில் டீச்சர் ஒரு படம் கீறி அனுப்பினார். தனுஷிகா அதற்கு ஊதா நிறம் பூசத் தொடங்கினாள். நிரஞ்சன் பென்சிலை மெல்ல வாங்கிக்கொண்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அந்தப் பூசணிக்காய்க்கு வெயில் படுகிற பக்கம், நிழல் பக்கம், காம்பில் காய்ந்த மண் எல்லாம் வந்துவிட்டன. பக்கத்தில் ஒரு தும்பியும் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளை இதற்கிடையில் தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் கொப்பி திரும்பி வந்தபோது டீச்சர் பெரிய நட்சத்திரம் ஒன்று போட்டு, கீழே எழுதியிருந்தார்: ‘மிக நன்று. இனிப் பிள்ளையும் முயற்சி செய்யட்டும்.’ நிரஞ்சன் முதல் இரண்டு சொற்களை மட்டும் போனில் படம் பிடித்துத் தொழிற்சாலை நண்பர்களுக்கு அனுப்பினார்.

பிறகு டிசம்பர் மாதக் கலைவிழா. மரக்கறிகள் பேசுகிற நாடகத்தில் தனுஷிகாவுக்குக் கரட் வேடம். வசனம் நான்கே சொல்: “நான் கரட். கண்ணுக்கு நல்லது.” மேடையில் பிள்ளை சபையைப் பார்த்தாள், சபையில் தெரிந்த முகங்களை எண்ணினாள், வசனத்தை மறந்தாள். டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: “நான் கரட்!” அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிப் பக்கம் போனால் யாராவது ஒருவர் அவரிடம் கண்ணுக்கு என்ன நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நிரஞ்சனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது கரட் அல்ல. தேசிக்காய்.

போன வருட விளையாட்டுப் போட்டியில் தேசிக்காய் ஓட்டம் நடந்தது. கரண்டியில் தேசிக்காயை வைத்துக்கொண்டு, விழுத்தாமல், எல்லைக் கோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தனுஷிகா நான்காவது எட்டில் விழுத்தினாள். விழுந்ததை எடுத்துக் கரண்டியில் வைக்கவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதைக் கடித்துப் பார்த்தாள். புளிப்பில் அவள் முகம் போன போக்கை, பாலத்தடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நஸீப் போனில் பிடித்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்தாறு பேர் உள்ள குழுவில் பத்தொன்பது பேர் சிரித்தார்கள். நிஷாந்தினியும் அதில் ஒருவர். அதைவிட மோசம், அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தது நஸீபின் மகன் ஸஹ்மி.

நஸீப் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிள்ளையின் முகம் அத்தனை அழகாக இருந்தது, அதனால் போட்டார். இது எல்லோருக்கும் தெரியும். நிரஞ்சனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? இந்த வருடம் முதலாமிடம் என்று அன்றே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். மனதுக்குள் வைத்திருந்தால் பரவாயில்லை. தொழிற்சாலையில் சொன்னார், மாமனார் வீட்டில் சொன்னார், முடி வெட்டப் போன இடத்தில் சொன்னார். “இந்த முறை நாங்க ஃபர்ஸ்ட்.” ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இனித் திரும்பிப் போக வழியில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சரின் அறிவித்தல் வந்தது: ‘கரண்டி வீட்டிலிருந்து கொண்டு வரவும்.’ நீங்களும் நானும் என்ன செய்வோம்? அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியை எடுப்போம். நிரஞ்சன் அரை நாள் லீவு போட்டார். கட்டுகஸ்தோட்டையில் நல்ல கரண்டி விற்கிற கடை நஸீபுடையது. எதிராளியின் கரண்டியால் வெல்வது ஒரு வெற்றியா? பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், ஐந்து கடை ஏறி இறங்கி, குழி எவ்வளவு, பிடி எவ்வளவு, கனம் எவ்வளவு என்று கையில் தூக்கிப் பார்த்துப் பார்த்து ஒன்றை வாங்கினார். கடைக்காரர், “சமைக்கவா?” என்று கேட்டார். நிரஞ்சன் காசை எண்ணி வைத்தார். சிலருக்குச் சொன்னாலும் விளங்காது.

அடுத்தது தேசிக்காய். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒருவரின் வீடு கலகெதரயில்; தோட்டத்தில் நன்றாகக் காய்க்கிற மரம் ஒன்று நின்றது. அங்கிருந்து முப்பது காய் வந்து இறங்கியது. நிரஞ்சன் ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் வைத்து உருட்டினார். உருண்டோடிய இருபத்தொன்பதும் தள்ளுபடி. அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்த ஒன்று மட்டும் தேறியது. தள்ளுபடியானவற்றை நிஷாந்தினி ஊறுகாய் போட்டார். அந்த வீட்டில் மூன்று வாரமாகச் சோற்றுக்கு ஊறுகாய், ரொட்டிக்கு ஊறுகாய், ஒரு நாள் இடியப்பத்துக்கும் ஊறுகாய்.

பயிற்சி பின்னேரம் ஆறு மணிக்கு, மாடி வீட்டு நடையில். பிள்ளையின் காலுக்குப் பன்னிரண்டு எட்டு. நிரஞ்சன் அந்தக் கோடியில் முழந்தாளில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அகல விரித்து, “அப்பாகிட்ட வா! மெதுவா, அப்பாகிட்ட வா!” என்பார். தனுஷிகா நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, கரண்டியைப் பார்த்து ஒரு தடவை, அப்பாவைப் பார்த்து ஒரு தடவை, எட்டு வைத்து எட்டு வைத்து வருவாள். விழாமல் வந்தால் அப்பா தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்தச் சுற்றுக்காகத்தான் பிள்ளை நடந்தாள். முதலாமிடம் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. விழுந்தால்? “பரவாயில்ல பாப்பா, திரும்பப் போ” என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும்.

ஒரு நாள் விழுத்திவிட்டு அவள் அசையாமல் நின்றாள்.

“விழுத்துனா கோவிப்பீங்களா அப்பா?”

“சீச்சீ. அப்பா ஏன் கோவிக்கப் போறேன்?”

“அப்ப ஏன் மூஞ்சி அப்பிடி இருக்கு?”

“எப்பிடி இருக்கு?”

பிள்ளை யோசித்தாள். “போன் ஒடஞ்ச மாதிரி.”

அடுப்படியிலிருந்து நிஷாந்தினி எட்டிப் பார்த்தார். “நாலு வயசுப் புள்ளைக்குத் தெரியுது. ஏங்க, இது வெளையாட்டுங்க. நீங்க என்னமோ புள்ளய வேலைக்கு எடுக்கிற மாதிரி நிக்கிறீங்க.”

நிரஞ்சன் எழுந்து கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அது சாதாரண முகமாகத்தான் தெரிந்தது.

அவரை ஒரேயடியாகப் பழிக்கவும் முடியாது. அவர் சின்ன வயதில் ஓடிய ஒரே ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். பார்க்க வீட்டிலிருந்து யாரும் வரவில்லை; அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வந்து சொன்னபோது, “அப்பிடியா, நல்லது, கைகால கழுவு” என்றார்கள். தன் பிள்ளை ஓடும்போது கயிற்றடியில் ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும் என்று அவர் எப்போதோ தீர்மானித்தது அதனால்தான். கேட்டால் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் கயிற்றடியில் நிற்பது வேறு, கயிற்றுக்கு உள்ளே நிற்பது வேறு அல்லவா?

சனிக்கிழமை வந்தது. மகாவலி ஓரமாக இருக்கிற மைதானத்தில் நீல நிறக் கொடிக்கயிறு நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. போன வருடம் கயிறு இல்லை. போன வருடப் பணிஸ் ரொட்டி தின்னும் போட்டியில் இரண்டு தாய்மார் பிள்ளைகளின் வாய்க்குள் பணிஸைத் திணித்ததன் விளைவு இந்தக் கயிறு. கயிற்றில் மூன்று இடத்தில் மட்டை தொங்கியது: ‘பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்கவும்.’ கட்டியவர் முன்பள்ளியின் பொறுப்பாசிரியை றலியா டீச்சர். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைப் பழக்கி எடுத்தவர். பெற்றோரைப் பழக்குவதில் அவருக்கு அந்த அளவு வெற்றி கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

காலை எட்டு மணிக்குக் கயிறு நேராக இருந்தது. எட்டரைக்கு ஒரு தந்தையின் வயிறு அதில் சாய்ந்தது. ஒன்பதுக்கு ஒரு தாயின் குடை உள்ளே போனது. குடைக்குப் பின்னால் கை போனது. கைக்குப் பின்னால், “ஒரே ஒரு ஃபோட்டோ மிஸ்” என்று சொல்லிக்கொண்டு முழு ஆளும் போனது. ஒன்பதரைக்கு, ஓடுகிற பிள்ளைகளைவிட உள்ளே பெரியவர்கள் அதிகம். ஒருவர் சப்பாத்து நாடா கட்டிவிடப் போனார், ஒருவர் மூக்குத் துடைக்கப் போனார், ஒருவர் தன் பிள்ளையின் ஓட்டம் முடிந்து அரை மணித்தியாலம் ஆகியும் வெளியே வர மறந்துபோனார்.

“பெற்றோர்மார் எல்லாரும் தயவு செஞ்சு கயித்துக்கு வெளிய போங்க,” என்று டீச்சர் ஒலிவாங்கியில் சொன்னார். “உங்கட போட்டி கடைசீல ஈக்கிது. பலூன் ஊதுறது. அது வரைக்கும் பொறுமையா இரிங்க.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போனார்கள். டீச்சர் திரும்பியதும் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

நிரஞ்சன் அன்று மிகவும் ஒழுங்காக இருந்தார். கயிற்றுக்கு வெளியே, ஓடுபாதையின் நடுப் பகுதிக்கு நேராக, போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் தட்டை அடித் தேசிக்காய். ஓட்டத்துக்கு முன்னால் டீச்சர் ஒலிவாங்கியை எடுத்து, “தேசிக்காய் நாங்க தாறோம், எல்லாப் புள்ளைக்கும் ஒரே அளவு” என்றபோது அவர் முகம் கொஞ்சம் தொங்கியது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மிச்சத் தேசிக்காய்கள் நிறைந்த பிளாஸ்டிக் கூடை இருந்தது. எல்லாம் உருளுகிற சாதி.

நிஷாந்தினி பக்கத்தில் நின்று தன் போனை எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் தள்ளி நஸீப்; நிரஞ்சனுக்கு அவர் ‘நானா’, அதாவது அண்ணன் முறை.

“என்ன நிரஞ்சன் தம்பி, இந்த முறை பெரிய ஆயத்தமாமே?”

“சும்மா சொல்றாங்க நஸீப் நானா. புள்ளைங்க வெளையாட்டுதானே. கலந்துக்கிறதுதான் முக்கியம்.”

“அதத்தான் நானும் மகனுக்குச் சொன்னேன். வெத்தியா முக்கியம்?” என்றார் நஸீப். இருவர் கையும் வியர்த்திருந்தது.

நான்கு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தனுஷிகா, ஸஹ்மி, அம்னா, இன்னொரு சின்னப் பையன். விசில் அடித்தது. சின்னப் பையன் விசிலுக்குப் பயந்து இரண்டு காதையும் பொத்தினான். கரண்டி ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். ஸஹ்மி நன்றாகத்தான் புறப்பட்டான். “மகன், நேரப் பாருங்க! ஓட வாணாம், நடங்க! முழங்கைய மடக்குங்க! கீழ பாக்க வாணாம்!” என்று நஸீப் அடுக்கிக்கொண்டே போக, பையன் மரியாதையாகத் திரும்பி, “என்ன வாப்பா?” என்று கேட்டான். காய் விழுந்தது. அம்னா ஆமை நடை நடந்தாள். அவள் உம்மா பக்கத்து மரத்தடியில் மும்முரமாகப் பணிஸ் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டம் தொடங்கியதே அவருக்குத் தெரியாது.

தனுஷிகா எல்லோருக்கும் முன்னால் போனாள். நாக்கு வெளியே, கரண்டி நேராக, காய் ஆடாமல் அசையாமல். ஐந்து எட்டு, ஆறு எட்டு, ஏழு எட்டு. எட்டாவது எட்டில் பிள்ளை வழக்கம்போல் நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லையில் அப்பா இல்லை.

டீச்சர் நின்றார், நாடா பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆறு ஓடியது. முழந்தாளில் உட்கார்ந்து கை விரித்தபடி ஆளைக் காணோம். மூன்று வாரமாக அவளுக்கு யாரும் கோட்டைத் தாண்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பாவிடம் வரத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை நின்றுவிட்டாள்.

“போ பாப்பா! போ!” என்று நிரஞ்சன் கத்தினார்.

குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஓடுபாதையை விட்டு, கரண்டியோடு, கயிற்றை நோக்கி நேராக அப்பாவிடம் வரத் தொடங்கினாள்.

“இங்கிட்டு இல்ல! அங்கிட்டு! அங்கிட்டுப் போ!”

பிள்ளை குழம்பி நடுவில் நின்றாள். காய் இன்னும் விழவில்லை.

“பேசாம இருங்க,” என்றார் நிஷாந்தினி. “கொஞ்சம் விடுங்க. தானாப் போவா.”

போயிருப்பாளோ என்னவோ. அது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஏனென்றால் நிரஞ்சன், போனைச் சட்டைப் பையில் போட்டார், வேட்டி அல்ல காற்சட்டைதான் உடுத்தியிருக்கிறோம் என்று ஒரு கணம் நிச்சயப்படுத்திக்கொண்டார், தாண்டினார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவர் எதையும் தாண்டியதில்லை. நீலக் கயிறு சப்பாத்தில் மாட்டி ஒரு மட்டை பிய்ந்து கூடவே வந்தது. பிள்ளைக்கு முன்னால் போய், அவளைப் பார்த்தபடி குனிந்து, இரண்டு கையையும் விரித்தார்.

“அப்பாகிட்ட வா!”

இது அவளுக்கு விளங்குகிற பாஷை. தனுஷிகா வந்தாள். அவர் ஓரடி பின்னால் வைத்தார். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். “அப்பாகிட்ட வா, அப்பாகிட்ட வா” என்று அவர் பின்பக்கமாக வேகம் பிடித்தார். சனம் கத்தியது. உற்சாகத்தில் கத்துகிறார்கள் என்று அவர் நினைத்தார். “நிரஞ்சன், பின்னுக்கு! பின்னுக்குப் பாருங்க!” என்று டீச்சர் ஒலிவாங்கியிலேயே சொன்னார். எந்தக் கயிறுதாண்டி டீச்சர் சொல்வதைக் கேட்டிருக்கிறது?

சிவப்பு நாடா அவர் முதுகில் பட்டு அறுந்தது. அடுத்த எட்டில் குதிகால் தேசிக்காய்க் கூடையில் போய் நின்றது. அதற்கடுத்து எட்டு இல்லை. மல்லாந்து விழுந்தார். காய்கள் நாலா பக்கமும் உருண்டன. அவர் பையிலிருந்த தட்டை அடிக் காய் மட்டும் விழுந்த இடத்திலேயே ஆடாமல் இருந்தது. தேர்வு சரிதான்.

தனுஷிகாவுக்கு எல்லைக்கு ஒரே ஓர் எட்டுத்தான் பாக்கி. மூன்று வாரம், முப்பது காய், ஒரு கண்டிப் பயணம், எல்லாம் சேர்ந்து அந்த ஓர் எட்டில் வந்து நின்றன. பிள்ளை கரண்டியையும் காயையும் அப்படியே வீசி எறிந்துவிட்டு, “அப்பா! விழுந்துட்டீங்களா அப்பா!” என்று ஓடி வந்து அவர் நெஞ்சில் விழுந்தாள்.

அம்னா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கீழே கிடந்தவரைப் பார்த்தாள். சேற்றுக் குழியைச் சுற்றிப் போகிற மாதிரி அவரைக் கவனமாகச் சுற்றிப் போய், கோட்டைத் தாண்டி நின்றாள். காய் கரண்டியில் இருந்தது. அவள் உம்மா பணிஸ் தட்டோடு நிமிர்ந்து, “எப்ப தொடங்குவாங்க?” என்று பக்கத்தில் விசாரித்தார்.

முதலில் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்கியது நஸீப். முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார்.

“அடி கிடி பட்டா தம்பி?”

“இல்ல நானா.” நிரஞ்சன் அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார். “வீடியோ எடுத்தீங்களா?”

“எங்க எடுக்கிற? நானும் மகனுக்குச் சொல்லிக் குடுக்கக் கயித்துக்கு உள்ளுக்குத்தானே நிண்டேன்,” என்றார் நஸீப், கொஞ்சம் வெட்கமாக.

வீடியோ எடுத்தது நிஷாந்தினி. முழுவதையும் எடுத்திருந்தார். “குரூப்புக்குப் போட மாட்டேன்,” என்றார் அவர், நிரஞ்சனின் காற்சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டபடி. “ஆனா அழிக்கவும் மாட்டேன்.”

பரிசளிப்பில் முதலாமிடம் அம்னாவுக்கு. பிறகு வழமைபோல் கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் தங்க நிறப் பிளாஸ்டிக் பதக்கம். தனுஷிகாவுக்கும் கிடைத்தது. எல்லாம் கொடுத்து முடிந்து, டீச்சர் பெட்டிக்குள் கையை விட்டு மிஞ்சிய ஒரு பதக்கத்தை எடுத்தார். ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்தார்.

“இன்னும் ஒருவர் ஈக்கிறார். தேசிக்காய் ஓட்டத்துல நாடாவ முதல்ல அறுத்தது தனுஷிகாட அப்பா. வாங்க, வெட்கப்பட வாணாம். மகள், நீங்களே போட்டு விடுங்க.”

நிரஞ்சனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது. போய்த் தலையைக் குனிந்தார். மகள் எட்டிப் பதக்கத்தைப் போட்டாள். மைதானம் முழுக்கக் கை தட்டியது. நஸீப் விசில்கூட அடித்தார். அவமானம்தான், சந்தேகமில்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தக் கைதட்டு அவருக்கு நன்றாகவும் இருந்தது. முப்பத்தேழு வயது வரை அப்படி ஒன்று அவருக்குக் கிடைத்ததேயில்லை. அந்தச் சந்தோஷம்தான் பிறகு அவரை அதிகம் வெட்கப்பட வைத்தது.

தனுஷிகாவுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பணிஸ் வரிசையில் நின்றவர்களுக்கு, தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களுக்கு, அவர்களை ஏற்றிப் போக வந்த ஆட்டோக்காரருக்கு, எல்லோருக்கும் சொன்னாள்: “எங்க அப்பா ஃபர்ஸ்ட்!” சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை கலப்படமில்லாதது. மூன்று வாரமாக நிரஞ்சன் அவளுக்காக ஆசைப்பட்ட பெருமை அதுதான். ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆட்டோ பாலத்தைத் தாண்டும்போது பிள்ளை அப்பாவின் மடியில் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்பா, அடுத்த வருஷமும் நீங்களே ஓடுங்க.”

“நானா? நீதானே பாப்பா ஓடணும்?”

“இல்ல. நீங்க ஓடுங்க. நான் கயித்துகிட்ட நின்னு கத்துறேன்.”

நிஷாந்தினி ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை அப்பாவின் கழுத்தில் கிடந்த பதக்கத்தை நேராக்கிவிட்டாள்.

“நீங்க விழுத்துனா நான் கோவிக்க மாட்டேன்,” என்றாள். பிறகு, அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “மூஞ்சியும் அப்பிடி வெச்சுக்க மாட்டேன்.”

நிரஞ்சன் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். அழுதார் என்று நிஷாந்தினி சொல்கிறார்; ஆட்டோப் புகை என்று அவர் சொல்கிறார். அந்தத் தட்டை அடித் தேசிக்காயும் அடுத்த நாள் ஊறுகாயாகிவிட்டது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நிரஞ்சனைப்போல் ஒரு மாமா, ஒரு மச்சான், எதிர்வீட்டுக்காரர் ஒருவர், யாரோ ஒருவரின் முகம் உங்களுக்குக் கட்டாயம் ஞாபகம் வந்திருக்கும். நல்லது. இப்போது உங்கள் போனை எடுங்கள். பிள்ளையின் கலைவிழாவோ விளையாட்டுப் போட்டியோ, ஏதாவது ஒரு வீடியோ இருக்கும். போடுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், பிள்ளை அழகாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். பாட்டுக்கு மேலாக, டீச்சரின் ஒலிவாங்கிக்கும் மேலாக, போனுக்கு மிக மிகக் கிட்டத்தில் ஒரு குரல் கத்துகிறதா?

யாருடைய குரல் என்று எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடமும் அந்த நீலக் கயிற்றைக் கட்டுவார்கள். அப்போது ஒரு தடவை குனிந்து உங்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.